உப்புக்காற்றில் ஒரு வருடம்: லிக்வி மோலி காப்பர் பேஸ்ட்

போன ஐப்பசியில் திருச்செந்தூர் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது, முள்ளக்காடு வருவதற்குள் பின்பக்க இடது டயர் பஞ்சர். நட்டு நான்கையும் கழற்றியாயிற்று, ஜாக்கியும் ஏற்றியாயிற்று. வீல் மட்டும் அசையவில்லை. காலால் உதைத்துப் பார்த்தேன். ஜாக்கியில் நிற்கிற வண்டியை உதைப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்புறம்தான் உறைத்தது. அம்மாவும் பிள்ளைகளும் உப்பளத்து ஓரமாக வெயிலில் நின்றார்கள்.

உப்பு லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். “இறக்குங்க அண்ணாச்சி. நட்டைத் திரும்ப மாட்டி அரைச் சுத்து லூசா வையுங்க. வண்டிய ஒரு முழம் முன்னால, ஒரு முழம் பின்னால மெதுவா எடுங்க.” அப்படியே செய்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், வீல் விட்டுவிட்டது. அவருக்கு இன்றைக்கும் நன்றி.

என்னுடையது பழைய ஹூண்டாய் ஐ20 கார். அலாய் வீல் அலுமினியம், அது உட்காரும் பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அரிப்புக்குக் கேட்கவா வேண்டும்? வீலின் நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர், ஹப்பின் (வீலைத் தாங்கும் நடுப்பாகம்) கழுத்தில் இறுக்கமாக உட்காரும். அந்த இடுக்கு முழுக்க வெள்ளைத் தூளும் செந்துருவும் கெட்டியாக அடைத்திருந்தன.

இப்படி ஒட்டிப் பிடிக்காமல் இருக்க வாங்கியதுதான் லிக்வி மோலி காப்பர் பேஸ்ட் என்கிற இந்தச் செம்புப் பசை, 100 கிராம் டியூப். சாதாரண கிரீஸைவிடப் பல மடங்கு விலை. ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் 190 டிகிரி வாக்கிலேயே உருகி வழிந்துவிடும். பிரேக் சூடு அதற்குத் தாங்காது. இந்தப் பசைக்கு 1100 டிகிரி வரை போட்டிருக்கிறார்கள்.

பூசுவதைவிடத் தேய்ப்பதுதான் பெரிய வேலை. கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், கடைசியில் உலர்ந்த துணி. ஒரு வீலுக்கு இருபது நிமிடம் ஆனது. பிறகு ஹப் கழுத்தைச் சுற்றியும், வீல் பதியும் முகத்திலும் விரல் நுனியால் மெல்லிசாக ஒரு பூச்சு. அடியில் இருக்கிற இரும்பு மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவு போதும். நான்கு வீலுக்கும் டியூபில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. டிஸ்க்கில் பிரேக் பேட் உரசும் இடத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது.

ஸ்டட்டில், அதாவது நட்டு மாட்டும் மரைக் கம்பியில், இதைப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். முன்பு ஒரு டயர் கடையில் பையன் மரைகளில் கிரீஸை அள்ளி அப்பிவிட்டு, “ஈஸியா கழறும்ணே” என்றான். என் வண்டிக்கு நட்டை இறுக்கும் முறுக்கு 88 முதல் 107 நியூட்டன் மீட்டர் என்று கையேட்டில் இருக்கிறது. அது உலர்ந்த மரைக்கான கணக்கு. நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதியை உராய்வுதான் தின்கிறது. பத்தில் ஒரு பங்குதான் இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. வழவழப்பாக்கிவிட்டு அதே முறுக்குக் கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டின் கூம்பு உட்காரும் இடமும் உலர்வாகவே இருக்கட்டும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 100 வைத்து இறுக்கினேன், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்த்தேன்.

ஒரு அடைமழையும் ஒரு கோடையும் போன பிறகு, போன வாரம் டயர் மாற்றிப் போடக் கழற்றினேன். நான்கு வீலும் இரண்டு கையால் இழுத்ததும் வந்துவிட்டன. கழுத்தில் பூச்சு அப்படியே செம்பு நிறத்தில் இருந்தது.

குறை என்றால், முன்பக்க வலது வீலின் உள்விளிம்பில், பசை படாத ஓரமாக, லேசாக வெள்ளைத் தூள் பூத்திருந்தது. செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒத்துப்போகாது என்பதால், நம் கடற்கரைக்கு உலோகம் கலக்காத செராமிக் பசை இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன். அடுத்து அதைத்தான் வாங்கப்போகிறேன். இந்த டியூபில் மீதியை இரும்பு ரிம் வண்டி வைத்திருக்கும் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். இரும்பு ரிம் ஹப்பில் பதியும் இடத்தில் இதைத் தயங்காமல் பூசலாம். விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.