ஐ7-4790 வாங்குவதா, 14 கோர் ஜியோன் வாங்குவதா: மலையகத்து ஸ்டூடியோவுக்கும் கொமியுனிகேஷன் கடைக்கும் எது சரி?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பழைய கம்பியூட்டர் தேடிப் போனால் இன்று இரண்டு வகைப் பெட்டிகள் எதிரே வைக்கப்படுகின்றன. ஒன்று, பெரிய ஆபீஸ்களில் பாவித்துக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1 போன்றவை. உள்ளே இருக்கும் சிப் (புரொசசர்) இன்டெல் கோர் ஐ7-4790. மற்றது, சீனத் தயாரிப்பான எக்ஸ்99 மதர்போர்டில், செர்வரில் இருந்து கழற்றிய இன்டெல் சிப்பான ஜியோன் ஈ5-2680 வி4 போட்டு, புதுக் கேசிங்கில் கலர் லைட்டோடு வருவது. "14 கோர், 28 த்ரெட்" என்று இரண்டாவதன் மேல் ஒட்டியிருக்கும். கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை. ஐ7இன் நாலு கோரோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்கு வேகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தினசரி வேலையில் பாதிக்கு மேல் அது ஐ7ஐ விட மெதுவாகவே ஓடும். மீதி வேலையில் ஐ7ஆல் அதை எட்டவே முடியாது. உங்கள் வேலை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

ஐ7-4790 வந்தது 2014இல். 4 கோர், 8 த்ரெட், அடிப்படை வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது தானாக ஏறும் வேகம்) 4.0. கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 8 எம்பி, டிடிஆர்3-1600 ரெம் இரண்டு சேனல் (ரெம்முக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை), அதிகபட்சம் 32 ஜிபி, 84 வாட். ஜியோன் 2016இன் சிப். அடிப்படை 2.4, ஒரு கோர் மட்டும் ஓடும்போது 3.3, பதினாலும் ஒன்றாக ஓடும்போது 2.9 அளவில் நிற்கும். கேஷ் 35 எம்பி, டிடிஆர்4-2400 நாலு சேனல், 120 வாட்.

ஒரு கோரை மட்டும் நம்பும் வேலைகள் நம் ஊர்க் கடைகளில்தான் அதிகம். கோரல்டிராவில் கல்யாணக் கார்ட் அடிப்பது, போட்டோஷொப்பில் பாஸ்போர்ட் படம் வெட்டுவது, எக்செலில் செக்ரோல் (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவு) போடுவது, பிரவுசரில் ஒன்லைன் படிவம் நிரப்புவது. இவற்றில் பெரும்பகுதி ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கோர்களுக்கு மேல் கேட்பதில்லை. 4.0க்கு எதிராக 3.3 என்றால், புதிய தலைமுறை என்பதால் ஜியோனுக்குக் கிடைக்கும் சிறு அனுகூலத்தைக் கழித்த பிறகும் ஐ7 தெளிவாக முன்னால் நிற்கும். டைப்செட்டிங், போட்டோகொப்பி, ஸ்கேனிங் நடக்கும் கொமியுனிகேஷன் கடைக்கு ஜியோன் வாங்குவது வீண் செலவு. ஐ7 பெட்டியில் 16 ஜிபி ரெம்மும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் போட்டால் போதும்.

எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையில் கணக்கு புரண்டுவிடும். 14ஐ 2.9ஆல் பெருக்கினால் 40.6, ஐ7க்கு 4ஐ 3.8ஆல் பெருக்கினால் 15.2. ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பிளெண்டரில் 3டி படம் ரெண்டர் செய்வது, வீடியோவை எச்.265 ஃபோர்மட்டுக்கு சொஃப்ட்வேரிலேயே என்கோட் செய்வது, ஒரே மெசினில் பல விர்ச்சுவல் மெசின் (மெசினுக்குள் மெசின்) ஓட்டுவது ஆகியவற்றில் இந்த வித்தியாசம் அப்படியே கையில் கிடைக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 2022 பதிப்பிலிருந்து பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது. அதற்குக் கோர் மட்டும் போதாது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரெம் வேண்டும். 64 ஜிபி போட ஜியோனில் இடம் உண்டு, ஐ7இல் இல்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரீமியரில் டைம்லைன் இழுபடுவதும் எக்ஸ்போர்ட் நேரமும் கோர் எண்ணிக்கையை விட, வீடியோ எந்த ஃபோர்மட்டில் வருகிறது என்பதில்தான் அதிகம் தங்கியிருக்கின்றன. ஐ7-4790இன் உள்ளேயே எச்டி 4600 கிராபிக்ஸ் இருக்கிறது. சாதாரண 8 பிட் எச்.264 வீடியோவை அதிலுள்ள குயிக்சிங்க் என்ற வீடியோப் பகுதி நேரடியாகப் படிக்கும், எழுதும். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் அந்த வேலை நடந்துவிடும். ஆனால் ட்ரோனிலும் புதிய ஐபோனிலும் வரும் எச்.265க்கு அது உதவாது. அங்கே நாலு கோரும் மூச்சுத்திணறும்.

ஜியோனில் உள் கிராபிக்ஸே இல்லை. கார்ட் போடாவிட்டால் திரையில் படமே வராது. விலை குறைவு என்று ஜிடி 1030 போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கார்ட் எச்.265ஐப் படிக்கும், ஆனால் வீடியோவை எழுதும் என்வென்க் என்கோடர் அதில் கிடையாது. எனவே எக்ஸ்போர்ட் முழுவதும் சிப்பின் தலையில் விழும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது 1650 இருந்தால்தான் எடிட்டிங்குக்கு ஜியோன் பெட்டி முழுமையாகும். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் 4:2:2 10 பிட் எச்.264 (நிற விவரம் கூடிய வகை) எடுத்தால் இந்தக் கார்டுகளும் அதைப் படிக்காது, எச்டி 4600உம் படிக்காது. அங்கே பதினாலு கோரும் உண்மையாகவே உதவிக்கு வரும். ஐ7 வைத்திருப்பவர்கள் எடிட்டுக்கு முன்னால் இரவில் புரொக்சி (எடிட்டுக்கான இலகுவான நகல் வீடியோ) போட்டு வைத்துவிட்டால் சமாளிக்கலாம்.

ஜியோன் பெட்டியில் சிப்தான் மலிவு. போர்ட், கூலர், கார்ட், பவர் சப்ளை எல்லாம் சேர்த்து விலை கேளுங்கள். இந்த போர்டுகள் பலவற்றில் எக்ஸ்99 என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சிப்) பழைய டெஸ்க்டொப் போர்டுகளில் இருந்து கழற்றிய பி85, எச்81, கியூ87 வகை. அதனால் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்புகள் குறைவாக இருக்கலாம், ஸ்லீப் போட்டால் திரும்ப எழும்பாமல் இருக்கலாம். சில போர்டுகளில் ரெம்முக்கு இரண்டு சேனல்தான் உண்டு. நாலு சேனல் இருந்தால் விநாடிக்கு 76.8 ஜிபி, இரண்டு என்றால் 38.4 ஜிபி, ரெம்மின் பாதி வேகம் போர்டிலேயே போய்விடும். நாலு சேனல் போர்டில்கூட ஒரே 32 ஜிபி ரெம் குச்சியைச் செருகிக் கொடுத்தால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். நாலு 8 ஜிபி கேளுங்கள்.

ரெம்மில் இன்னொரு சிக்கல். செர்வரில் இருந்து வரும், பிழை திருத்தும் இசிசி ரெஜிஸ்டர்ட் டிடிஆர்4 ரெம் விலை குறைவு, ஜியோனில் நன்றாக ஓடும். ஆனால் சாதாரண டெஸ்க்டொப் ரெம்மோடு கலந்து போட்டால் மெசின் பூட் ஆகாது. டிடிஆர்3 ரெம் போடும் எக்ஸ்99 போர்டுகளும் சந்தையில் உண்டு. அவை முந்தைய தலைமுறை வி3 ஜியோனில் சில குறிப்பிட்ட சிப்களுக்கு மட்டுமே. 2680 வி4க்கு டிடிஆர்4 போர்ட்தான் வேண்டும். எல்லாக் கோர்களையும் உச்ச டர்போவில் ஓடவைக்கும் பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வித்தை பற்றிக் கடைக்காரர் சொன்னால், அதுவும் வி3 சிப்களுக்கானது. வி4இல் நடக்காது.

சிப்பை மாட்டும் இடத்தில்தான் அதிக போர்டுகள் வீணாகின்றன. ஜியோனை மாட்டும் 2011-3 சொக்கெட்டில் பூட்டுக் கம்பிகள் இரண்டு. எந்தப் பக்கம் முதலில் திறப்பது என்ற அடையாளம் சொக்கெட் மேலேயே பொறித்திருக்கும். பின்கள் சிப்பில் இல்லை, சொக்கெட்டில் இருக்கின்றன. சிப்பை ஓரமாகப் பிடித்து நேராக இறக்க வேண்டும்; சரித்து வைத்துத் தள்ளினால் ஒரு பின் வளையும். அப்படி வளைந்தாலும் மெசின் பெரும்பாலும் பூட் ஆகிவிடும். ஆனால் ஒரு ரெம் சேனல் காணாமல் போயிருக்கும், 32 ஜிபி போட்ட இடத்தில் 24 காட்டும். ரெம் பழுது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டோர்ச் அடித்து, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் பின் வரிசைகள் ஒரே சீராகப் பளபளக்க வேண்டும். ஓரிடத்தில் ஒளி உடைந்தால் அங்கேதான் வளைவு.

ஐ7இன் கூலர் ஜியோனுக்குப் பொருந்தாது. 2011-3இலும் இரண்டு துளை அளவுகள் உண்டு: சதுரமானது 80க்கு 80 மில்லிமீற்றர், ஒடுங்கியது 56க்கு 94. போர்டை அளந்த பிறகே கூலர் வாங்குங்கள். சிப்பும் பெரியது, 52.5க்கு 45 மில்லிமீற்றர். ஐ7க்கு வைக்கும் ஒரு பட்டாணி அளவு வெப்பப் பேஸ்ட் இங்கே ஓரம் வரை போகாது. எக்ஸ் வடிவில் இழுத்து வையுங்கள். சிப்புக்குப் பக்கத்திலுள்ள விஆர்எம் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) மீதும் காற்றுப் பட வேண்டும். மலிவு போர்டுகளில் அதன் ஹீட்சிங்க் பெயருக்குத்தான் இருக்கிறது. மேலே நேராகக் காற்று அடிக்கும் கூலர் அல்லது அந்தப் பக்கம் ஒரு சின்ன ஃபேன் அதைக் காப்பாற்றும்.

பவர் சப்ளையை கேசிங்கோடு இனாமாக வருவதில் விட்டுவிடாதீர்கள். 120 வாட் என்றால் 12 வோல்ட் லைனில் சிப்புக்கு மட்டும் 10 ஆம்பியர். கார்டும் சேர்ந்தால் நல்ல 500 வாட் சப்ளை வேண்டும், 8 பின் சிபியு வயரோடு. ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க் பெட்டிகளுக்கு வேறு குறை. அவற்றின் பவர் கனெக்டர் அந்தந்தக் கம்பெனிக்கே உரியது. சப்ளை எரிந்தால் பக்கத்துக் கடையில் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை வாங்கி நேரே மாட்ட முடியாது, மாற்று வயர் தேவை. அந்த வயரைப் பெட்டியோடேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் பில்லைப் பார்ப்போம். சும்மா திறந்திருக்கும்போது ஐ7 ஆபீஸ் பெட்டி 30 முதல் 40 வாட் இழுக்கும், கார்டோடு ஜியோன் 70 முதல் 90 வரை. வித்தியாசம் 45 வாட் என்று வைத்தால், நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் திறந்த கடையில் கிட்டத்தட்ட 12 யூனிட் கூடுதல். ரெண்டரில் மாறிவிடும். ஐ7 130 வாட்டில் 5 மணித்தியாலம் ஓடினால் 0.65 யூனிட், அதே வேலையை ஜியோன் 220 வாட்டில் 2 மணித்தியாலத்தில் முடித்தால் 0.44தான். நாள் முழுக்க ரெண்டர் ஓடும் ஸ்டூடியோவுக்கு ஜியோன் மிச்சம் பிடித்துத் தரும். வாடிக்கையாளரை எதிர்பார்த்துத் திறந்தே கிடக்கும் கடைக்கு அது நஷ்டம்.

மலைக் காற்றைப் பற்றி ஒரு விஷயம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான சூட்டையே வெளியே தள்ளும். ஆனால் அறையே குளிராக இருப்பதால் அந்த நட்டம் ஈடாகிவிடுகிறது, கூலருக்காகப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. மூடுபனி வீட்டுக்குள் வரும் மாதங்களில் அணைத்தே கிடக்கும் மெசினில் ரெம்மின் பித்தளை நிறக் கால்கள் மங்கும், பிறகு பூட் ஆகாமல் பீப் மட்டும் அடிக்கும். கழற்றி வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஜியோனில் நாலு குச்சி என்பதால் இந்தத் தொல்லையும் இரட்டிப்பு. வாரத்தில் சில முறையாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். குளிரில் வேனில் கொண்டுவந்த பெட்டியை அறைக்குள் வைத்ததும் சுவிட்ச் போடாமல் ஒரு மணித்தியாலம் விட்டுவைக்க வேண்டும்.

தேயிலை ஸ்டோருக்குள் கெமரா பார்க்கும் மெசின் வைப்பதென்றால் ஜியோன் வேண்டாம். வீடியோவை அப்படியே பதிவு செய்ய இவ்வளவு கோர் தேவையே இல்லை. தேயிலைப் பஞ்சு ஹீட்சிங்க் இடுக்கில் படிந்து, ஈரத்தில் இறுகி, படலமாகிவிடும். 84 வாட் சிப் அதைச் சற்று தாங்கும், 120 வாட் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை புளோவர் அடிப்பது கட்டாயம். ஆனால் தோட்ட ஆபீஸில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் செர்வருக்கு ஜியோனின் இசிசி ரெம் உண்மையான பலன் தரும். ரெம்மில் ஒரு பிட் பிழையானால் அதுவே திருத்திக்கொள்ளும். ஐ7க்கு அந்த வசதி கிடையாது.

விண்டோஸ் விஷயத்தில் இரண்டுமே பின்தங்கியவை. விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கோர் சிப்கள் பொதுவாக இல்லை, இந்த ஜியோனும் இல்லை. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. தடையைத் தாண்டி 11 போட்டுக் கொடுப்பார்கள், ஓடவும் ஓடும். பெரிய அப்டேட் வரும்போது அது தானாக வராமல் நின்றுவிடலாம்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை சில. மெசினை முற்றாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்99 போர்ட் முதல் தடவை ரெம்மைப் பரிசோதிக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம், அது பழுதில்லை. திகதி பின்னோக்கிப் போயிருந்தால் போர்டிலுள்ள சிமொஸ் பற்றரி செத்தது. பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, சிப்பின் பெயரோடு ரெம் எத்தனை சேனல் என்றும் பாருங்கள். கூலரைக் கழற்ற விட்டால், உண்மையான 2680 வி4 மேல் எஸ்ஆர்2என்7 என்றும் ஐ7-4790 மேல் எஸ்ஆர்1கியூஎஃப் என்றும் எழுத்து இருக்கும். "இன்டெல் கொன்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது சோதனைச் சிப், வாங்க வேண்டாம். கடைசியாக மெசினை முழுப் பாரத்தில் சோதிக்கும் ஓசிசிடியை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, வேகமும் சூடும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவில் எல்லாக் கோரும் 2.9 அளவில் நிற்கிறதா, இடையில் 1.2க்கு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சூடேறுவது சிப் மட்டும் என்று நினைக்காதீர்கள், விஆர்எம்மாகவும் இருக்கலாம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைதான் மலையகத்து போர்டுகளின் பெரிய எதிரி. ஐ7 மாட்டும் எச்81 போர்ட் எரிந்தால் கண்டியிலேயே தேடிப் பிடிக்கலாம்; எக்ஸ்99 போர்ட் எரிந்தால் கொழும்பு யுனிட்டி பிளாசாவில் கேட்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். இடி இறங்கும் நேரம் பிளக்கோடு நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். கூரை மேல் கெமராவுக்கு இழுத்த வயர் வழியாகவே பல போர்டுகள் போகின்றன. 650 விஏ யூபிஎஸ் ஐ7க்குப் போதும். ஜியோனும் கார்டும் சேர்ந்து ரெண்டரில் ஓடும்போது, கரண்ட் போய் பற்றரிக்கு மாறும் கணத்திலேயே அந்த யூபிஎஸ் அணைந்துவிடலாம், 1000 விஏக்கு மேல் எடுங்கள். வாரண்டிக் கார்டில் இடி மின்னல் சேதம் சேருமா என்று பணம் கொடுக்க முன்னரே வாசித்துப் பாருங்கள்.