ஐ.நா. மக்கள்தொகைத் தரவுத் தளம்: வயதைச் சொல்கிறது, வந்த காரணத்தைச் சொல்வதில்லை

ஐக்கிய நாடுகள் அவையின் மக்கள்தொகைப் பிரிவு 2024 ஜூலை 11 அன்று வெளியிட்ட உலக மக்கள்தொகைக் கணிப்புகளின் 28ஆம் பதிப்பையும், அது கிடைக்கும் இணையதளத்தையும் பற்றிய மதிப்புரை இது. 237 நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் 1950 முதல் 2023 வரையான மதிப்பீடுகளும் 2100 வரையான கணிப்புகளும் இதில் உள்ளன. பதிவிறக்கக் கட்டணம் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் புவியியல், பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்களும் செய்தித்தாளில் வந்த எண்ணை அப்படியே எடுத்தாளாமல் மூலத்துக்கே போய்ப் பார்க்க முடியும் என்பதே இதன் முதல் சிறப்பு.

எக்செல் கோப்பைத் திறப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, மக்கள் எண்ணிக்கை ஆயிரங்களில் தரப்பட்டிருப்பது. இந்தியாவின் 145 கோடி அங்கே ஏழு இலக்க எண்ணாகத்தான் நிற்கும். மேலே உள்ள குறிப்பைப் படிக்காமல் கீழே தாவுகிறவர் நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்துச் சொச்சம் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. தளம் ஆங்கிலத்தில் இயங்குவதால் பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியரின் துணை தேவைப்படும்.

வயதுக் கட்டமைப்பைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்புக்கு இணையானது இல்லை என்றே சொல்வேன். ஐந்தாண்டுத் தொகுதிகளாக மட்டுமல்லாமல் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியே தரவு கிடைப்பதால், பழைய பதிப்புகள் மழுப்பிவிட்ட விவரங்கள் இதில் கூர்மையாகத் தெரிகின்றன. ஜப்பானின் தரவை இறக்கி வயது-பாலினப் பிரமிடு (ஒவ்வொரு வயதிலும் உள்ள ஆண்களை ஒருபுறமும் பெண்களை மறுபுறமும் பட்டைகளாகக் காட்டும் படம்) வரைந்து பாருங்கள். 1966இல் பிறந்தவர்களின் வரிசை மட்டும் இருபுறமும் உள்வாங்கியிருக்கும். அது போரோ பஞ்சமோ செய்த வேலை அன்று. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் "நெருப்புக் குதிரை" ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால் பெற்றோர் அவ்வாண்டு பிள்ளைப்பேற்றைத் தவிர்த்தார்கள். முந்தைய ஆண்டு 18 லட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்புகள் ஏறக்குறைய 13.6 லட்சமாகச் சரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் ஏறின. (ஆடியில் மணமக்களைப் பிரித்து வைக்கும் நாம் இதைக் கேட்டு அதிகம் வியப்பதற்கில்லை.)

சார்ந்திருப்போர் விகிதத்துக்கு வரும்போது எச்சரிக்கை தேவை. 15 முதல் 64 வயது வரையுள்ள ஒவ்வொரு நூறு பேருக்கும் 15 வயதுக்குக் கீழும் 65 வயதும் அதற்கு மேலும் எத்தனை பேர் என்பதே கணக்கு. நைஜரில் இது ஏறக்குறைய 100, ஜப்பானில் ஏறக்குறைய 70. முன்னதில் சுமை பெரும்பாலும் குழந்தைகள். பின்னதில் பெரும்பாலும் முதியோர். நைஜருக்கு வகுப்பறை வேண்டும், ஜப்பானுக்கு முதியோரைப் பராமரிக்கும் ஆள் வேண்டும். ஆகவே மொத்த விகிதத்தை மட்டும் எடுத்தாளாமல், இளையோர் சார்பு, முதியோர் சார்பு என்று தளம் பிரித்துத் தரும் நெடுவரிசைகளையே பயன்படுத்த வேண்டும். இந்திய அரசின் அறிக்கைகள் பொதுவாக 60 வயதிலேயே முதுமையைத் தொடங்குவதால், இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் கணக்கு பிசகும். எழுபது வயதிலும் வயலில் நிற்பவர் இந்தக் கணக்கில் சார்ந்திருப்பவர், இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவர் உழைப்பவர் என்பதையும் மறக்கக் கூடாது.

இதனினும் பெரிய சிக்கலைக் கத்தார் காட்டுகிறது. அந்நாட்டின் பிரமிடு பிரமிடாகவே இல்லை. ஆண்கள் பக்கம் 25 முதல் 45 வயது வரை பெரிதாகப் புடைத்து நிற்கிறது, மக்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் ஆண்கள். அதன் சார்ந்திருப்போர் விகிதம் உலகின் மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. ஆனால் அந்த ஆண்களின் பெற்றோரும் பிள்ளைகளும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நேபாளத்திலும் வங்கதேசத்திலும் இருக்கிறார்கள்; அவர்களை இக்கணக்கு அந்தந்த நாட்டின் சுமையாகவே எழுதுகிறது. உழைப்பவர் ஒரு நாட்டின் ஏட்டிலும் அவரை நம்பியிருப்பவர்கள் இன்னொரு நாட்டின் ஏட்டிலும் பதிவாகும்போது, எல்லையோடு நின்றுவிடும் விகிதம் இரு நாடுகளையும் பற்றித் தவறான தோற்றத்தையே தருகிறது. 2021 மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் 16.5 சதவீதமாக உள்ள கேரளத்தில், 2023 ஆய்வின்படி வெளிநாட்டில் இருப்போர் ஏறக்குறைய 22 லட்சம். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க ஐ.நா. தளம் உதவாது, ஏனெனில் மாநில அளவிலான தரவு அதில் இல்லை.

இடப்பெயர்வுப் பகுதிதான் மெலிவானது. வந்தோர் தொகையிலிருந்து சென்றோர் தொகையைக் கழித்த நிகர எண் மட்டுமே தரப்படுவதால், பத்து லட்சம் பேர் வந்து பத்து லட்சம் பேர் வெளியேறிய நாடும் எவருமே அசையாத நாடும் ஒரே பூச்சியத்தில் நிற்கும். எங்கிருந்து எங்கே என்று தெரிய, அதே அவையின் புலம்பெயர்ந்தோர் தொகைத் தரவைத் தனியே தேட வேண்டும். 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தோர் 30.4 கோடி என்பதும் அவர்களில் இந்தியாவிலிருந்து சென்றோரே மிகுதி என்பதும் அதில்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும்: இடப்பெயர்வே நிகழாவிட்டால் என்னாகும் என்ற தனிக் கணிப்பு. கனடாவுக்கு அதையும் நடுத்தரக் கணிப்பையும் (தளம் முதன்மையாக முன்வைக்கும் கணிப்பு) அருகருகே வைத்தால், நடுத்தரக் கணிப்பின் கோடு ஏறுவதும் மற்றது இறங்குவதும் தெளிவாகத் தெரியும்.

மக்கள் ஏன் புறப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு இந்தத் தளத்தில் விடை இல்லை. இந்தியாவைப் பற்றிக் கேட்பவர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகளுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே வேலை, தொழில், கல்வி, திருமணம், குடும்பத்தோடு பெயர்தல் எனக் காரணங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. பெயர்ந்தோராகப் பதிவான 45 கோடிக்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேர் சொன்ன காரணம் திருமணம். இடப்பெயர்வு என்றதும் ரயில் ஏறும் ஆண் தொழிலாளியையே நினைத்துக்கொள்ளும் நமக்கு, புகுந்த வீடு போன பெண்களே கணக்கில் முந்தி நிற்பது நல்ல பாடம். அந்த அட்டவணைகளும் பழையவையே. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் முடிவுகள் வரும்வரை இந்தியாவுக்கான ஐ.நா. எண்களைக் கடைசி இலக்கம் வரை நம்பி மேற்கோள் காட்டாமல், தோராய எண்ணாக்கிப் பயன்படுத்துவதே முறை.