சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய வண்ணத் திரை: வி.டி. 340-ஆ, எக்ஸ் டெர்மினலா?

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. மத்தியானம் இடி முழங்கினால் முதல் வேலை, எல்லா பிளக்கையும் பிடுங்குவது. இந்த மலேசிய ஊரில் பழைய வண்ண கிராஃபிக்ஸ் டெர்மினல் (வேறொரு கம்ப்யூட்டரோடு இணைத்துப் பயன்படுத்தும் திரையும் விசைப்பலகையும்) ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் எதை வாங்கலாம்? என் ஓட்டு டெக் கம்பெனியின் வி.டி. 340-க்கு. போட்டிக்கு நிற்பது எக்ஸ் டெர்மினல்: நெட்வொர்க்கில் உள்ள வேறு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்களின் ஜன்னல்களைக் காட்டும் பெட்டி.

கணக்குப் பார்த்தால் தோற்பது அதுதான். 1987-இல் வந்த பெட்டி. 800×480 புள்ளிகள், 4096 நிறங்களில் ஒரே நேரத்தில் 16. எச்பி 700/ஆர்எக்ஸ் போன்ற எக்ஸ் டெர்மினலில் பெரிய வண்ணத் திரை என்றால் 1280×1024, 256 நிறம்.

வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். வி.டி. 340 சீரியல் வயரில் நொடிக்கு 19,200 பிட்தான் வாங்கும். படத்தை எழுத்துகளாக அனுப்பும் அதன் சிக்ஸல் முறையில் ஓர் எழுத்துக்கு மேலும் கீழுமாக ஆறு புள்ளி. ஒரே நிறத்தில் திரையை நிரப்பவே, சுருக்காமல் அனுப்பினால் 64,000 எழுத்து, அரை நிமிடத்துக்கு மேல். படம் ஆறாறு வரியாக இறங்கும். "மாமா, லைன் அவ்வளவு மோசமா?" என்றான் அக்கா மகன். கோடும் வட்டமும் மட்டும் போதுமென்றால் ரீஜிஸ் என்ற வரையும் கட்டளை இருக்கிறது, சில எழுத்திலேயே முடிந்துவிடும். எக்ஸ் டெர்மினலுக்கோ 10 மெகாபிட் ஈதர்நெட். முழுத் திரைப் படம் 13 லட்சம் பைட், ஒரு நொடி சொச்சத்தில் வந்து விழும்.

அப்புறம் ஏன் வி.டி.? கரண்ட் போய் வந்ததும் அது தானே எழுந்து நிற்கும்; மென்பொருள் உள்ளே ரோமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. எக்ஸ் டெர்மினல் வழக்கமாக நெட்வொர்க்கில் சர்வரைத் தேடி, டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாகத் தன் மென்பொருளை இறக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் லாகின் கேட்கும். சர்வர் படுத்தால் இதுவும் படுத்துவிடும். இடி மழை ஊரில் தினமும் இரண்டு பெட்டிகளுக்குக் காவல் இருக்க என்னால் முடியாது. பாடுபட்டு எழுப்பினாலும் எக்ஸ்டெர்ம் (ஜன்னலுக்குள் ஒரு டெர்மினல்), எக்ஸ்கிளாக் (கடிகாரம்) போன்ற எளிய புரோகிராம்கள் ஓடும். இன்றைய பிரவுசர் ஓடாது.

வி.டி.க்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் யு.எஸ்.பி. சீரியல் வயரும் போதும். நெட்வொர்க்கில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் நடுவில் டெர்மினல் சர்வர் (சீரியல் வயரை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) வைக்கலாம். வி.டி.யின் எம்.எம்.ஜே. என்ற சீரியல் சாக்கெட் டெலிபோன் சாக்கெட் போலவே இருக்கும், ஆனால் கொக்கி ஓரமாக இருப்பதால் போன் வயர் நுழையாது.

மவுஸ், பல ஜன்னல், எப்போதும் ஓடும் லினக்ஸ் பெட்டி எல்லாம் உள்ளவர் எக்ஸ் டெர்மினலே வாங்கட்டும், சரிதான். மற்றவர்கள் வெள்ளியை எண்ணிக் கொடுக்குமுன், சிக்ஸல் சேர்த்துக் கட்டிய எக்ஸ்டெர்மை வி.டி. 340 ஆக ஓடவிட்டுப் பாருங்கள். பின்பக்கம் 240 வோல்ட் மாடல்தானா என்றும் பாருங்கள்.