சிங்கப்பூரிலிருந்து 3, 4 இரவுக் கப்பல் பயணம்: அடிக்கடி போகிறவர்கள் கவனிக்கும் விஷயங்கள்

பினாங்கு, புக்கெட், கிள்ளான் துறைமுகம் என்று சிங்கப்பூரிலிருந்து போய்வரும் குறும்பயணக் கப்பல்களுக்கு, கரீபியன் கடலில் ஒரு வாரம் மிதப்பவர்களின் யோசனைகள் பாதிதான் பொருந்தும். வெள்ளி மதியம் ஏறி திங்கள் காலை இறங்கினால் முழுசாகக் கையில் கிடைப்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்களான குவாண்டம் வகுப்புக் கப்பல்களில் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டாலே 4,000 பேருக்கு மேல் வருவார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நேரம் வீணாகாது. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

முதலில் அறை. ஜன்னல் இல்லாத உள் அறையா, பால்கனியா என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார்ப்பவர்கள் குறைவு. டெக் வரைபடத்தை எடுத்து மேல் தளத்தையும் கீழ் தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே பஃபே இருந்தால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடக அரங்கோ நடன அரங்கோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். கப்பலின் முன்பக்கத்தில், தாழ்ந்த தளங்களில் இருப்பவர்களுக்கு, துறைமுகத்தை நெருங்கும் அதிகாலையில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளின் உறுமலே அலாரம். மேலும் கீழும் அறைகளே இருக்கும் நடுப்பகுதி அறைதான் நிம்மதி. பக்கத்து அறைக்குப் போக உள்கதவு உள்ள அறை, இரண்டையும் சேர்த்து எடுக்கும் குடும்பத்துக்கு அருமை. மற்றவர்களுக்கு வேண்டாம், அந்தக் கதவு வழியாகப் பேச்சு அப்படியே கேட்கும்.

ஆட்டம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கும் அதே நடுப்பகுதி, தாழ்ந்த தளம்தான். முன்னும் பின்னும் கப்பல் ஏறி இறங்குவது முனைகளில் அதிகம். பக்கவாட்டு ஆட்டம் உயரத்தில் அதிகம். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான நீர். புக்கெட்டை நெருங்கி அந்தமான் கடலுக்குள் நுழையும்போது, அதுவும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், கப்பல் ஆடத்தான் செய்யும். குமட்டலுக்கான மாத்திரை, குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு முன்பே போட வேண்டும். எது, எத்தனை என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. வயிற்றைக் காலியாக வைக்காமல், அறைக்குள் படுத்துக் கிடக்காமல், திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்பது பெரும்பாலானோருக்கு உதவுகிறது.

3 இரவுக்குப் பால்கனி தேவையில்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. அந்தப் புழுக்கத்தில் பால்கனியில் உட்காரும் நேரம் குறைவு, கதவைத் திறந்து வைத்தால் ஏசியும் வீண். குவாண்டம் வகுப்பின் பல உள் அறைகளில் வெளிக்கடலை நேரலையாகக் காட்டும் ஆளுயரத் திரை உண்டு. இல்லாத கப்பல்களில், டிவியில் கப்பலின் முன்புறக் கேமரா சேனலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுத் தூங்குங்கள். ஜன்னலில்லா அறையின் இருட்டில் மணி ஐந்தா பத்தா என்றே தெரியாது. திரை வெளுத்தால் விடிந்தது என்று அர்த்தம்.

ஆவணங்களில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினால் நீங்கள் நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பும்போது அது புதிய நுழைவு. கையில் உள்ள சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறைக்கானதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்க்க வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கான விசா விதிகளை 2023 இறுதியிலிருந்து மாற்றியிருக்கின்றன. ஆகவே கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள். ‘நான் அந்தத் துறைமுகத்தில் இறங்கவே போவதில்லை’ என்ற காரணம் செக்-இன் மேசையில் எடுபடாது. வழியில் உள்ள எல்லா நாட்டுக்கும் தகுதி இருந்தால்தான் ஏற்றுவார்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு இன்னும் 6 மாதமாவது இருக்க வேண்டும். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல் ஊழியர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நகல் ஒன்று பையில் இருக்கட்டும். எந்த நாட்டுக்கு எந்த மின்னணு வருகை அட்டை என்பது கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் இருக்கும். வைஃபை காசு கட்ட வேண்டிய இடத்துக்குப் போன பிறகு அதை நிரப்ப உட்காராதீர்கள். கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. குழந்தைக்கு 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது நம்மவர்கள் தவறாமல் வைக்கும் மூன்று பொருட்கள் ஸ்கேனரில் மாட்டும்: மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சூடாகும் சாதனங்களைத் தடுப்பது தீ பயத்தால். மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள பலகையைத் தடுப்பதற்குக் காரணம் வேறு. கரையில் நியூட்ரல் கம்பி தரையோடு சேர்ந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலுமே மின்னழுத்தம் இருக்கும். கரைக்காகச் செய்த பாதுகாப்புச் சுற்று அங்கே தானே சூடேறிப் பற்றக்கூடும். பல துளை கொண்ட சாதாரண பலகையையும் இப்போது சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பல முனை உள்ள யூஎஸ்பி சார்ஜர் ஒன்று, இந்தியப் பிளக் என்றால் ஐரோப்பிய இரட்டை முள் அடாப்டர் ஒன்று, அவ்வளவு போதும். கெட்டிலுக்குப் பதில் நல்ல ஃபிளாஸ்க். பஃபேயில் கொதிநீர் கிடைக்கும். குழாய் வாயில் ஃபிளாஸ்க்கை வைக்காமல் கோப்பையில் பிடித்து ஊற்றுங்கள், கிருமி பரவாமலிருக்க அதுதான் விதி.

காந்தக் கொக்கி நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் சுவரும் கதவும் பெரும்பாலும் உலோகம்தான். ஈரத் துண்டு, தொப்பி, கைப்பை, எல்லாவற்றுக்கும் சின்ன அறையில் இடம் கிடைத்துவிடும். காலி சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போகும். குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி இருந்தாலும் காற்றோட்டம் குறைவு, நீச்சலுடை ஒரே இரவில் காயாது. ஆளுக்கு இரண்டு வேண்டும். வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத முறுக்கு, ஊறுகாய் பொட்டலங்கள் பொதுவாகப் பிரச்சினையில்லை.

கழிப்பறையில் கைத்தெளிப்பான் இருக்காது. அமுக்கினால் நீர் வரும் கையடக்கப் பாட்டில் ஒன்று எடுத்துப் போவது நல்லது. உறிஞ்சு முறையில் இயங்கும் கழிப்பறை என்பதால் ஈரத் துடைப்பான், டயப்பர் எதையும் உள்ளே போடக்கூடாது. ஒரு அறையில் அடைத்தால் அதே குழாய்த் தொடரில் உள்ள மற்ற அறைகளுக்கும் நின்றுவிடும்.

ஏறும் நாள். மரினா பே குரூஸ் சென்டருக்கு எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் வருபவர்கள் மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து கிளம்பும் கப்பலும் உண்டு, டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் செக்-இன் திறந்த அன்றே உள்ளே போய் முதல் வருகை நேரத்தைப் பிடியுங்கள், மதியச் சாப்பாட்டுக்கே கப்பலில் இருக்கலாம். ஒப்படைத்த பெட்டி அறைக்கு வர மாலை ஆகிவிடும். மருந்து, நீச்சலுடை, சார்ஜர் கைப்பையில் இருக்கட்டும். ஏறியதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். பிரதான உணவகம் திறந்திருக்கிறதா என்று கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் பாருங்கள், திறந்திருந்தால் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே நாடகம், குவாண்டம் வகுப்பில் ஆட்களைக் கப்பலுக்கு மேலே தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு மாதிரியான முன்பதிவுகளை முடித்துவிடலாம். 3 இரவில் அவை முதல் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். பாதுகாப்புப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். 2012-இல் இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அதை முடிக்க வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. இப்போது பல கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குரிய கூடுமிடத்தில் முகம் காட்டி வந்தால் போதும். கிளம்பும் முன் கடைசி அரைமணியில் அங்கே கூட்டம் நெரியும்.

சைவச் சாப்பாட்டுக்கு, முன்பதிவிலேயே ‘இந்திய சைவம்’ என்று பதிந்துவிட்டு, முதல் இரவில் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து நாளைய சாப்பாட்டை இன்றே சொல்லிவிடுங்கள். மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் அப்படித்தான் மேசைக்கு வரும். கடல் பயணத்தில் இதைவிடப் பயனுள்ள வேறு பழக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. இனிப்பில் முட்டை, தாய்லாந்துக் குழம்பில் மீன் சாறு, சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பஃபேக்குள் நுழையுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு சானிட்டைசர் அவ்வளவாகப் பலன் தராது.

இனி துறைமுகங்கள். பினாங்குதான் இந்தத் தடத்தில் எளிதானது. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியரில் நேராகக் கட்டும், வெளியே வந்தால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ் டவுன். சுற்றுலா எதுவும் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா, அங்கேயே குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கப்பல் சாப்பாட்டில் சலித்தவர்களுக்கு நல்ல தேநீரும் தோசையும் நடை தூரத்திலேயே கிடைக்கும் நிறுத்தம் இது. பினாங்கு மலை ரயிலுக்கு ஆசைப்பட்டால் வரிசையை மனதில் வையுங்கள். அரைநாள் நிறுத்தத்தில் அது ஒன்றே நேரத்தைத் தின்றுவிடும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போவதும் அப்படித்தான். தூரத்தைவிட, மாலை நெரிசலில் திரும்பி வருவதுதான் ஆபத்து.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, டெண்டர் என்ற சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அலை அதிகமானால் படகு கப்பலோடு ஒட்டி நிற்காது, அன்று இறங்குவதே ரத்தாகலாம். துறைமுகக் கட்டணம் மட்டும் கணக்கில் திரும்ப வரும். ஆகவே திருப்பித் தராத சுற்றுலாவை வெளியில் முன்பணம் கட்டிப் பதியாதீர்கள். காலை டெண்டர் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு முதல் ஆளாகப் போகிறவருக்கும் பத்து மணிக்கு எழுந்து வருகிறவருக்கும் கரையில் இரண்டு மணி நேர வித்தியாசம் வந்துவிடும். வயதானவர்கள் படகுக்குள் கால் வைக்கும் நொடியில் படகு எழும்பித் தாழும். ஊழியர் முன்கையைப் பிடிப்பார், அவர் ‘இப்போது’ என்று சொல்லும்போது மட்டும் கால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் கடிகாரச் சிக்கலும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசி டெண்டர் 5 மணிக்கு என்றால் கைப்பேசியில் 4 காட்டும்போதே அது கிளம்பிவிடும். கப்பல் நேரம் எது என்று இறங்கும் வாசலில் கேட்டு, கைப்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் கட்டுங்கள். கப்பல் நிறுவனத்திடம் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பணம். டிக்கெட் விலையில் அடங்காத பெரிய தொகை, தினசரி சேவைக் கட்டணம். அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலும் தலைக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர், குழந்தைக்கும் சேர்த்து. நால்வர் குடும்பம், 4 இரவு, 18 டாலர் என்றால் 288 டாலர். குடிப்பதற்கு மொத்தமாகப் பணம் கட்டும் மதுத் திட்டத்தை (டிரிங்க்ஸ் பேக்கேஜ்) ஒரே அறையில் உள்ள எல்லாப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. ஒருவர் மட்டும் குடிப்பவர் என்றால் தனித்தனியாக வாங்குவதே மலிவு. கப்பல் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், நிறுவனம் அதில் முடக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டோ ரொக்க முன்பணமோ நல்லது. வைஃபை வேண்டுமென்றால் ஏறுமுன் வாங்கினால் விலை குறையும். கப்பல் நகர்ந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்; கடலில் அது கப்பலின் சொந்த செல் கோபுரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், அந்த ரோமிங் கட்டணம் சாதாரணத் திட்டங்களில் அடங்காது. கப்பல் மருத்துவர் கட்டணமும் டாலரில்தான் கணக்கில் ஏறும், ஆகவே பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டயப்பர் கட்டும் குழந்தையைப் பிரதான நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும்கூட. குழந்தைகளுக்கென்று தனி நீர்விளையாட்டுப் பகுதி இருக்கும் கப்பலாகப் பாருங்கள்.

கடைசி இரவு, பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லும் நேரம் பெரும்பாலும் 11 மணிக்குள். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கும் வசதியும் உண்டு, குறும்பயணத்துக்கு அதுதான் சரி. கணக்குச் சீட்டை அன்று இரவே ஆப்பிலோ டிவியிலோ வரி வரியாகப் பார்த்துத் தவறிருந்தால் அப்போதே சேவை மேசைக்குப் போங்கள். காலையில் அந்த வரிசை படிக்கட்டு வரை நீளும். வெளியே டாக்சி வரிசையும் அப்படித்தான். பெட்டி சின்னதென்றால் மரினா சவுத் பியர் நிலையத்துக்கு நடந்துவிடுவது வேகமாக முடியும். விமானம் பிடிப்பவர்கள் மதியத்துக்குப் பிந்தைய விமானமாகப் போடுங்கள்.