ஃபுல்-ஸ்டாக்கா, ஸ்பெஷலிஸ்ட்டா?

ஆர்டர் பட்டியலைக் காட்டும் ஒரு பக்கம் திறக்கவே சில விநாடிகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை யாரிடம் கொடுப்பது? திரை முதல் டேட்டாபேஸ் வரை எல்லாம் கொஞ்சம் தெரிந்த ஃபுல்-ஸ்டாக் ஆளிடமா, டேட்டாபேஸிலேயே ஊறியவரிடமா?

பக்கத்தில் 100 ஆர்டர்கள். பட்டியலை எடுக்க டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி, அதாவது ஒரு க்வெரி; அப்புறம் வாடிக்கையாளர் பெயருக்காக ஆர்டருக்கு ஒன்று வீதம் 100. ஆக 101; ஒவ்வொரு தடவையும் போய்வரும் நேரம் சேர்ந்துதான் பக்கம் மெதுவாகிறது. இங்கே டேட்டாபேஸ்காரர் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லா க்வெரியும் சட்டென்று முடிகிறது. மெதுவான க்வெரிகளின் பதிவேட்டில் ஒன்றும் சிக்காது. "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்பார், அது பொய்யும் இல்லை. திரையிலிருந்து டேபிள் வரை தானே எழுதியவருக்குத்தான் அந்த 101 கண்ணில் படும்.

இன்னொரு கோளாறு இதற்கு நேரெதிர். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் நெடுவரிசை) வைத்தால், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் கூடவே வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் வராது, நாம்தான் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வந்த ஃபுல்-ஸ்டாக் ஆள் இதைக் கவனித்திருக்க மாட்டார். ஆயிரம் வரிசை உள்ள சோதனை டேட்டாவில் தெரியவும் தெரியாது. ஒரு கோடி வரிசை சேர்ந்ததும் பக்கம் திணறும், அவர் டேட்டாபேஸுக்கு முன்னால் ரெடிஸ் கேஷ் (விடைகளை நினைவகத்தில் வைத்து உடனே தரும் தற்காலிகச் சேமிப்பு) ஒன்றை வைத்து மூடுவார். விஷயம் தெரிந்தவர் க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையை ஓட்டி, டேபிள் முழுக்கத் தேடுவதைப் பார்த்து, ஒரே வரியில் இண்டெக்ஸ் போட்டு முடித்துவிடுவார்.

அதற்காக எதில் வேண்டுமானாலும் ஆழம் போகலாம் என்றில்லை. 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்குக்கு (வெப் பக்கம் எழுத உதவும் தயார்க் கட்டமைப்பு) 2021 முடிவோடு கூகுள் ஆதரவை நிறுத்தியது. அதையே நம்பியிருந்தவர்கள் பாதிக் கிணறு மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. ஆனால் டேட்டாபேஸோடு பேசும் மொழியாக ஐபிஎம்மில் 1970-களில் பிறந்த எஸ்க்யூஎல் இன்றும் சோறு போடுகிறது.

என்னைக் கேட்டால், முதல் மூன்று நான்கு வருடம் ஃபுல்-ஸ்டாக். பிறகு டேட்டாபேஸ், நெட்வொர்க், பாதுகாப்பு மாதிரி ஒன்றில் இறங்கலாம், ஃப்ரேம்வொர்க்கில் வேண்டாம். ஒன்று மட்டும்: சில வேலை விளம்பரங்களில் ஃபுல்-ஸ்டாக் என்றால் இரண்டு பேர் வேலை, ஒருவர் சம்பளம். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் எழுந்து பார்ப்பது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். "நீங்கள்தான்" என்றால், சம்பளம் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.