பினாங்கு பங்களாவில் பாடம் செய்த தலைகள்: போய்ப் பார்க்கலாமா?

பினாங்குத் தீவின் வடகரையில் ஒரு பழைய பங்களா. வேட்டையாடிய விலங்குகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட தலைகளும் மூன்று முழு உருவங்களும் கூடத்திலும் மாடிப்படி நெடுகிலும் இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லி வருபவர்களுக்கு மட்டும் சனிக்கிழமை காலையில் கதவு திறக்கிறது. ஒரு தடவைக்கு ஆறு பேர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 30 ரிங்கிட். ஜார்ஜ்டவுனில் மரபு உலா நடத்துபவர்களிடம் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். வீட்டார் விருப்பப்படி பெயரையும் முகவரியையும் இங்கே எழுதவில்லை.

கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் இருக்கும் செலாடாங் தலைக்காகவே போகலாம். நம் ஊர்ப் பேச்சில் காட்டெருது. கொம்பின் அடிப்பாகம் வெளிறிய மஞ்சள், நுனி கறுப்பு. அடியில் விரல் வைத்தால் பதிகிற அளவுக்கு வரிவரியாக மேடுகள். வயதேறிய காளைக்குத்தான் அப்படி வரும். எண்ணெயோ வார்னிஷோ பூசிப் பளபளப்பாக்கவில்லை. நெற்றி மேடும் கண்ணுக்கு மேலுள்ள எலும்பு விளிம்பும் தோலுக்கடியில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாடம் செய்தவர் உயிருள்ள விலங்கைப் பார்த்தவர் என்பது அதிலேயே தெரிகிறது.

பக்கத்தில் தொங்கும் புலித்தலை மைசூரிலிருந்து வந்தது. மரப்பலகையின் பின்னால் வான் இங்கன் பட்டறையின் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது. 1999-இல் மூடிய அந்தப் பட்டறையில், அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவத்தின் மேல் தோலைப் போர்த்திக் காயவிடுவார்கள். வைக்கோல் திணித்த தலை நாளடைவில் உப்பிச் சரிந்துவிடும். காகிதக்கூழ் அசையாது, அதனால்தான் இந்த முகம் இன்னும் முகமாக இருக்கிறது. ஆனால் உதட்டோரம் வெடித்துவிட்டது. பிறகு யாரோ மெழுகு அடைத்துச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள், அது பார்த்தவுடனே தெரிகிறது.

மாடிப்படியில் உள்ள மான் தலைகளை நிதானமாகப் பாருங்கள். முதலில் கண். மானின் கண்பாவை கிடைமட்டமாக நீண்டிருக்கும், புலிக்கு வட்டம். இங்கே இரண்டு மிளா மானுக்கு வட்டப் பாவை வைத்திருக்கிறார்கள்; பழைய கண்ணாடிக் கண் விழுந்த பின் கையில் கிடைத்ததைப் பொருத்திய வேலை அது. அடுத்து காது. உள்ளிருக்கும் குருத்தெலும்பை எடுக்காமல் விட்டால் காய்ந்து சுருங்கி அப்பளம் போல நெளியும். மூன்றாவது, கழுத்தின் பின்புறத் தையல். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தையல் விரிந்த இடமும், தோல் உருவத்தைவிட்டு எழும்பி நிற்கும் இடமும் நிழலாகத் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்க அனுமதியில்லை.

கேளையாடு என்ற சின்ன மான் ஒன்றின் மேல்தாடையில் வெளியே நீளும் கோரைப்பல் உடையாமல் இருக்கிறது. பல தொகுப்புகளில் முதலில் போவது அந்தப் பல்தான். மான் இனத்தின் கொம்பு கெட்டி எலும்பு, விழுந்து புதிதாக முளைக்கும். செலாடாங் கொம்பு எலும்புத் தண்டின் மேல் நகப்பொருளால் ஆன உறை, விழாது. இந்த வேறுபாட்டை வழிகாட்டி நன்றாகவே விளக்குகிறார்.

பின்னறையில் ஆப்பிரிக்கத் தலைகள்: மான் போன்ற குடுவும் இம்பாலாவும், காட்டெருமையும். பதனிட்ட தோல், நுரை உருவம், புதிய வேலை. நேர்த்தியானவைதான், ஆனால் உலகம் முழுக்கக் கிடைப்பவை. பத்து நிமிடம் போதும்.

இந்த வீட்டின் பெரிய குறை பராமரிப்பு. விருந்தினர் வரும் காலையில் ஏர்கானைப் போடுகிறார்கள், மதியம் நிறுத்திவிடுகிறார்கள். பினாங்கில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தொடும். காலையில் காய்ந்து இறுகும் தோல் இரவில் ஈரம் குடித்துத் தளர்கிறது. உள்ளிருக்கும் மரமும் கூழும் அதே வேகத்தில் அசைவதில்லை. தையல் பிரிவது அந்த இழுபறியால்தான். சுவரில் மாட்டியிருந்த ஈரமானி, ஏர்கான் ஓடும்போதே 71 காட்டியது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். இந்த வீட்டுக்குத் தேவை குளிரூட்டல் அல்ல. ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு 55-க்குப் பக்கத்தில் நிலையாக வைத்தாலே போதும்.

ஒரு கேளையாட்டுத் தலைக்குக் கீழே தரையில் உதிர்ந்த முடியும் பழுப்புத் தூளும், நுண்மயிர் படர்ந்த கூடுகளும் கிடந்தன. தோல் தின்னும் வண்டின் புழு உரித்த சட்டைகள் அவை. அதற்கு அந்துருண்டை வைத்திருக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் என்றால் பயனிருக்கும், திறந்த கூடத்தில் அதன் ஆவி பார்வையாளர் மூச்சுக்குத்தான் போகும். சரியான வழி உறையவைப்பது. தலையை இரண்டு அடுக்குப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது வைக்க வேண்டும். வீட்டு உறைபெட்டியால் அந்தக் குளிரைத் தொட முடியாவிட்டால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் சுற்றைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழுநாள் அப்படியே விடவேண்டும். அவசரப்பட்டால் ஈரம் நேராகத் தோல்மீது வேர்க்கும்.

அடுத்தது உடல்நலம். பழைய தோல்களைப் பூச்சியிடமிருந்து காக்க ஆர்செனிக் சேர்த்த சோப்பைத் தடவுவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வழக்கம். சோதித்துப் பார்க்காத எந்தப் பழைய தலையையும் நச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கூடத்திலேயே, தலைகளுக்கு அடியிலேயே, தேநீரும் கறிப்பாஃபும் பரிமாறுகிறார்கள். அன்போடுதான் கொடுக்கிறார்கள், இருந்தாலும் வராந்தாவுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுங்கள். இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுவதையும் நிறுத்த வேண்டும். மெல்லிய தூரிகையால் முடி படிந்த திசையில் வருடி, குழாய் வாயில் வலைத்துணி கட்டிய, நுண்தூசி வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சியில் வாங்குவதே முறை.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கின் தலையோ தோலோ வைத்திருக்க உரிமம் தேவை, முழுப் பாதுகாப்பு பெற்ற புலிக்குச் சிறப்பு அனுமதி தேவை. இந்த வீட்டில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் தாள்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். எந்தத் தொகுப்புக்குப் போனாலும் இதை முதலில் கேளுங்கள். எங்காவது பல்லோ நகமோ நினைவுப்பொருளாக நீட்டினால் வாங்காதீர்கள். தீபகற்பக் காட்டில் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவான புலிகள் என்று 2022-இல் அறிவித்தார்கள்.

பார்க்கவேண்டிய கடைசிப் பொருள் சுவரில் இல்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழைய தலைகளில் பதினேழுக்கு மட்டுமே இடமும் தேதியும் எழுதிய சீட்டு மிச்சமிருக்கிறது. அவற்றோடு பொருந்தும் வேட்டைக் குறிப்பேடு அந்த இழுப்பறையில். எந்தத் தோட்டத்து எல்லை, எந்த மாதம், கொம்பின் அகலம் எத்தனை அங்குலம் என்று எல்லாம் உண்டு. இந்தப் பதினேழும் ஆவணங்கள். ரப்பர் தோட்டம் பரவுமுன் அந்த இடத்தில் எந்த விலங்கு நடமாடியது என்று அவற்றைக் கொண்டு சொல்ல முடியும். சீட்டில்லாத மீதிப் பழைய தலைகள், எவ்வளவு அழகானாலும், பேச்சற்றவை. 1883-இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு இங்கே வந்தால் சீட்டுள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் உறைக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் சுட்ட துரையின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் முழுதாக இருக்கிறது. செலாடாங்கைக் காட்டிலிருந்து சுமந்து வந்தவர்களுக்கு ஒரே வரி: ‘கூலிகள் 6’. தடம் பார்த்தவருக்கு அதுவும் இல்லை. வழிகாட்டி இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். அந்த ஆறு பேர் நம்மவர்களாகவும் இருந்திருக்கலாம், யார் என்று கேட்கக்கூட வழியில்லை. அந்த வரியையும் அவர் படித்துக் காட்ட வேண்டும்.

குறிப்பேட்டைப் பதினொரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் தலைகளுக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். பராமரிப்பவர் தமிழர். “அண்ணே, பின்பக்கம் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்று கேட்டால், கையுறை மாட்டிக்கொண்டு சின்னத் தலைகளைத் திருப்பிக் காட்டுவார்.