ஐசியுவில் குப்புறப் படுக்க வைப்பது: திருநெல்வேலிப் பயணத்தில் பார்த்ததும் கேட்டதும்

இந்த முறை ஊருக்குப் போன விடுமுறையில் பெரும்பகுதி திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியு வாசலில் போனது. மெல்போர்னில் விமானம் ஏறும்போது சித்தப்பாவுக்கு விடாத காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள், நான் போய்ச் சேர்ந்தபோது வென்டிலேட்டரில் இருந்தார். உண்ணிக்காய்ச்சல். வயல், புதர்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு வருவது. அக்குளில் இருந்த கறுத்த பொருக்கை ஐசியு டாக்டர் பார்த்த பிறகுதான் நோய் என்னவென்றே தெரிந்தது. மருந்து ஆரம்பிப்பதற்குள் நுரையீரலைப் பிடித்துவிட்டது, ஏஆர்டிஎஸ் என்றார்கள், அதாவது நுரையீரல் வீங்கி நீர் கோத்து மூச்சே திணறிப்போகும் நிலை. வெளிநாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு போன் வரக்கூடிய எல்லோருக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று ராத்திரி டியூட்டி டாக்டர் ஒரு தாளை நீட்டி, "பேஷண்டக் குப்புறப் போடப் போறோம், கையெழுத்துப் போடுங்க" என்றார். சித்தி பதறிப் போய், "யய்யா, மூச்சு விட முடியாமக் கெடக்கிற மனுசனக் குப்புறப் போட்டா இன்னும் முட்டாதா?" என்று கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் பொழுதில்லை. தாளில் இருந்தது முழுக்க ஆபத்துகளின் பட்டியல், அதுவும் ஆங்கிலத்தில். எதற்காகச் செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு ரொம்ப வருத்தம், இரண்டு நிமிடம் தமிழில் சொல்லியிருந்தால் சித்தி அந்த ராத்திரி முழுக்க அழுதிருக்க மாட்டார்.

மறுநாள் பெரிய டாக்டர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. ஏஆர்டிஎஸ் வந்தால் காற்றறைகளில் நீர் கோத்து நுரையீரலே கனத்துவிடும். மல்லாந்து கிடக்கும்போது அந்தக் கனமும் இதயத்தின் கனமும் சேர்ந்து அழுத்த, நனைந்த பஞ்சின் அடிப்பகுதி மாதிரி முதுகுப் பக்கம் சப்பிப் போய் மூடிக்கொள்கிறது. ரத்தம் அங்கேதான் அதிகம் ஓடுகிறது, காற்றோ போவதில்லை. குப்புறத் திருப்பினால் மூடிய இடம் விரிகிறது, இதயம் மார்பெலும்பின் மேல் தங்கிக்கொள்கிறது, முதுகுப் பக்க ரத்த ஓட்டமும் பெரிதாகக் குறைவதில்லை, அதனால் காற்றும் ரத்தமும் சேர வேண்டிய இடத்தில் சேர்கின்றன. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: திறந்திருக்கிற கொஞ்ச இடத்தையே வென்டிலேட்டர் திரும்பத் திரும்ப ஊதிப் புண்ணாக்குவது இதனால் குறைகிறது, மானிட்டரில் ஆக்சிஜன் ஏறுவதைவிட அதுதான் பெரிய லாபம்.

அப்புறம் நானும் தேடிப் படித்தேன். 2001ல் இத்தாலியில் 304 நோயாளிகளை வைத்து கத்தினோனி என்ற மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு சுமார் 7 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தும் இறப்பு குறையவில்லை. 2013ல் வெளிவந்த ப்ரோசேவா என்ற ஆய்வுதான் நிலைமையை மாற்றியது. பிரான்சில் கெரான் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது, நிலைமை மோசமான 466 பேர், ஒவ்வொரு தடவையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற. 28 நாளில் இறந்தவர்கள் மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புற வைத்தவர்களில் 16 சதவீதம். பாதிக்குப் பாதி! ஆனால் அதில் பங்கெடுத்த ஐசியுக்கள் எல்லாம் 5 வருடத்துக்கு மேல் இதைச் செய்து பழகியவை, அதை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஏன் என்றால் பெரும்பாலான இடங்களில் இதை மெஷின் செய்வதில்லை, கைகள்தான் வேண்டும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், ஐந்து பேர். தலைமாட்டில் டாக்டர் தொண்டைக்குள் போட்ட மூச்சு ட்யூபைப் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் முதலில் ஒரு பக்கமாக நகர்த்தி, ஒருக்களித்து, பிறகு முழுதாகத் திருப்பினார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ட்யூப் நழுவினாலோ மடங்கினாலோ உயிருக்கே ஆபத்து; கழுத்தில் போட்ட ஊசிக்குழாய் பிடுங்கிக்கொள்ளலாம், பிரஷர் சட்டென்று இறங்கலாம். திருப்பிய பிறகும் வேலை இருக்கிறது. தலையை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் மாற்ற வேண்டும், கைகளையும் கூடவே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோள் நரம்பு இழுபட்டுப் பிற்பாடு கை தூக்க வராது. கண் மூடியிருக்கிறதா, தலையணையில் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முகம் வீங்கும், அதைப் பார்த்து வீட்டார் பயந்துவிடுவார்கள், மல்லாத்திய பிறகு பெரும்பாலும் வடிந்துவிடும். முகவாய், கன்னம், நெஞ்சு, முட்டி ஆகிய இடங்களில் படுக்கைப்புண் வருவதுதான் அடிக்கடி நடப்பது.

சித்தப்பாவுக்கும் வந்தது. பகல் ஷிப்ட் சிஸ்டர்கள் தங்கமானவர்கள், சொல்லாமலே எல்லாம் நடந்தது. ராத்திரியில் ஆள் குறைவு, தலையை மாற்றும் நேரம் தள்ளிப் போயிருக்கிறது, விடிந்து பார்த்தால் முகவாயில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாங்கள் கேட்ட பிறகு ஜெல் தலையணை வந்தது, நேரம் குறித்த தாளும் கட்டிலில் தொங்கியது. முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை! அட்வான்ஸ் கட்டச் சொல்லி பில்லிங் கவுண்டரிலிருந்து எங்களைத் தேடி வந்த சுறுசுறுப்பில் கொஞ்சம் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் போடுவதில் காட்டியிருக்கலாம்.

எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகெலும்பு உடைந்து நிலையில்லாமல் இருப்பவர்கள், மூளையில் அழுத்தம் கூடியவர்கள், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்கள், பிரஷர் நிற்கவே மாட்டேன் என்பவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் தயங்குவார்கள், தயங்கத்தான் வேண்டும். 2021 கொரோனா அலையில் வீட்டிலேயே குப்புறப் படுக்கச் சொன்னார்களே, மத்திய சுகாதார அமைச்சகம்கூடப் படம் போட்டு வெளியிட்டதே, அது விழித்திருப்பவர்களுக்கானது. ட்யூப் போட வேண்டிய நிலையை அது குறைத்தது, இறப்பைக் குறைத்ததாக உறுதிப்படவில்லை. இரண்டையும் சொந்தக்காரர்கள் போட்டுக் குழப்பிக்கொண்டே இருந்தார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ராத்திரியில் திருப்ப வேண்டி வந்தால் எத்தனை பேர் இருப்பார்கள், தலையை மாற்றுவதை யார் எழுதி வைக்கிறார்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். முகவாயில் தழும்பு, இடது தோளில் கொஞ்சம் பலக்குறைவு, பிசியோதெரபி நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் குப்புற வைத்தார்கள் என்பது இல்லாததால் தென்காசியில் பிசியோதெரபி பார்ப்பவருக்குத் தோள் வலியின் காரணம் பிடிபடவில்லை, நான் போனில் சொன்ன பிறகுதான் பயிற்சியை மாற்றினார். சம்மரியை வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.